குழந்தை திரும்பவில்லை, சேவைக்கு ஐந்துக்கு நான்கு

பேறுகாலம் நெருங்கியும் தலை கீழே வராமல் பிட்டம் கீழாகவே இருக்கும் குழந்தைகளுக்கென்று ஒரு மருத்துவமனையில் தனியாக நடத்தப்படும் பிரிவைப் பற்றிய மதிப்புரை இது. வயிற்றின் மேலிருந்து கைகளால் அழுத்திக் குழந்தையைத் திருப்பிவிடுவதுதான் அங்கே நடக்கும் முக்கியமான வேலை. மருத்துவர்கள் அதைச் சுருக்கமாக இ.சி.வி. என்கிறார்கள். எனக்கு அந்த முயற்சி பலிக்கவில்லை, சிசேரியன் செய்துதான் குழந்தையை எடுத்தார்கள். இருந்தும் ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருகிறேன். இப்படிப்பட்ட பிரிவுகளைப் பற்றி வரும் மதிப்புரைகளைப் பார்த்தால், குழந்தை திரும்பியவர்கள் ஐந்தும் திரும்பாதவர்கள் ஒன்றும் போட்டிருப்பார்கள். கைதேர்ந்தவர் செய்தாலும் ஏறத்தாழ பாதிப் பேருக்குத்தான் குழந்தை திரும்பும் என்னும்போது, அந்தக் கணக்கை வைத்து ஒரு மருத்துவமனையின் தரத்தைச் சொல்ல முடியாது. திரும்பாமல் போன மறுபாதிப் பேரை அவர்கள் எப்படி நடத்துகிறார்கள் என்பதைப் பார்த்தே இந்த மதிப்பெண்ணைப் போட்டிருக்கிறேன்.

கர்ப்பத்தின் 28ஆவது வாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு குழந்தை பிட்டம் கீழாகத்தான் இருக்கும், அதில் கவலைப்பட எதுவும் இல்லை. உள்ளே இடம் இருக்கும்வரை குழந்தை புரண்டுகொண்டே இருக்கும். பிறகு பெரும்பாலானவை தாமாகவே தலையைக் கீழே கொண்டுவந்துவிடும். மாதம் நிறைந்தபின் இந்த நிலையில் எஞ்சுபவை நூற்றுக்கு மூன்று நான்கு மட்டுமே. என் வழக்கமான பரிசோதனைகளிலும் நாள் இருக்கிறது, திரும்பிவிடும் என்றே சொல்லிவந்தார்கள். அந்தக் கட்டத்தில் அது நியாயமான பேச்சுதான். ஆனால் விலா எலும்புக்குக் கீழே உருண்டையாகவும் கெட்டியாகவும் ஒன்று முட்டிக்கொண்டே இருந்தது. அதை விரலால் தட்டினால் உடம்போடு சேராமல் தனியாக ஆடியது. இதயத்துடிப்பும் தொப்புளுக்கு மேலேதான் தெளிவாகக் கேட்டது. கையால் தொட்டுப் பார்த்தே ஐயம் வந்துவிட வேண்டிய இந்த அடையாளங்கள் எல்லாம் இருந்தும், ஸ்கேன் எடுத்த பிறகே என்னை இந்தப் பிரிவுக்கு அனுப்பினார்கள். இந்தத் தாமதத்துக்கு இந்தப் பிரிவு பொறுப்பாகாது. என்னை முதலில் பார்த்துவந்த இடத்தின் மீதுதான் அந்தக் குறை.

பிரிவுக்குப் போன அன்றே மீண்டும் ஒரு ஸ்கேன் செய்தார்கள். முந்தைய அறிக்கை கையில் இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று முதலில் சலிப்பாக இருந்தது. ஆனால் அவர்கள் தேடிய விவரங்கள் வேறு. குழந்தை எந்த வகையில் உட்கார்ந்திருக்கிறது, நஞ்சுக்கொடி முன்சுவரில் ஒட்டியிருக்கிறதா பின்சுவரிலா, பனிக்குட நீர் எவ்வளவு, குழந்தையின் உத்தேச எடை என்ன, கழுத்து பின்பக்கம் வளைந்து முகம் மேலே பார்த்தபடி இருக்கிறதா, கருப்பையில் கட்டியோ பிறவியிலேயே அமைந்த பிரிசுவரோ உண்டா என்று ஒவ்வொன்றையும் திரையில் காட்டியே சொன்னார்கள். பிட்டம் கீழாக இருப்பதிலேயே வகைகள் உண்டு. கால்கள் இரண்டும் நீண்டு பாதங்கள் முகத்துக்கு அருகே இருப்பது ஒன்று; முழங்கால் மடக்கிச் சம்மணமிட்டதுபோல் இருப்பது இன்னொன்று; ஒரு காலோ இரு காலோ பிட்டத்துக்கும் கீழே தொங்குவது மூன்றாவது. மாதம் நிறைந்த நிலையில் அதிகம் காணப்படுவது முதல் வகை, என் குழந்தையும் அப்படித்தான் இருந்தது. மூன்றாவது வகையில் பனிக்குடம் உடைந்ததும் தொப்புள்கொடி நழுவி வெளியே வந்துவிடும் ஆபத்து மற்ற இரண்டைவிட மிகவும் அதிகம். ஆகவே நீர் உடைந்தால் வலி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே கிளம்பி வர வேண்டும் என்று எல்லா வகையினருக்குமே எழுதிக் கொடுக்கிறார்கள்.

அடுத்து நடந்த ஆலோசனைதான் இந்தச் சேவையின் சிறந்த பகுதி. மருத்துவர் அவசரப்படவில்லை. கணினியைப் பார்த்தபடி பேசாமல் நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்தார். முதல் கர்ப்பத்தில் ஏறத்தாழ 100க்கு 40 பேருக்கும், முன்பே பிள்ளை பெற்றவர்களில் 60 பேருக்கும் குழந்தையைத் திருப்ப முடிகிறது என்றார். முதல் கர்ப்பமானால் 36ஆவது வாரத்திலிருந்தும் மற்றவர்களுக்கு 37ஆவது வாரத்திலிருந்தும் இதைச் செய்யலாம் என்றார். வயிற்றுச் சுவர் இன்னும் தளராத முதல் கர்ப்பக்காரர்களுக்கு, நாள் போகப்போகக் குழந்தை இறங்கி இறுகிவிடும் என்பதற்காகவே அந்த ஒரு வாரம் முந்திக்கொள்கிறார்கள். இன்னும் முன்னால் செய்தால் என்ன என்று கேட்டேன். அப்போது திருப்பினாலும் குழந்தை மறுபடி புரண்டுகொள்ள இடமிருக்கும், ஏதேனும் சிக்கல் வந்து உடனே எடுக்க நேர்ந்தால் அது குறைமாதக் குழந்தையாகிவிடும் என்று பதில் வந்தது. மாதம் நெருங்கிய நிலையில் திருப்பிய குழந்தை பழையபடி மேலே திரும்பிக்கொள்வது நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு.

ஆபத்துகளையும் இதே நிதானத்தோடு சொன்னார். அழுத்தும்போது குழந்தையின் இதயத்துடிப்பு சற்று நேரம் தாழ்வது அடிக்கடி நடக்கும், கையை எடுத்ததும் பெரும்பாலும் சரியாகிவிடும். துடிப்பு மீளாமலோ, இரத்தப்போக்கு ஏற்பட்டோ, நஞ்சுக்கொடி விலகியோ உடனடியாகச் சிசேரியன் செய்ய வேண்டிவருவது ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கு. அதனால்தான் அறுவை அரங்கு பக்கத்தில் தயாராக இல்லாத இடத்தில் இதைச் செய்யவே கூடாது. குழந்தை திரும்பிவிட்டால் சுகப்பிரசவம் உறுதியா என்று நான் கேட்டதற்கு, இல்லை என்றே விடை கிடைத்தது. தொடக்கத்திலிருந்தே தலை கீழாக இருந்த குழந்தைகளைவிட, இப்படித் திருப்பப்பட்ட குழந்தைகளின் பிரசவத்தில் சிசேரியனோ, கருவியால் குழந்தையை இழுத்தெடுக்கும் ஆயுதப் பிரசவமோ தேவைப்படுவது சற்று அதிகம்தான். ஆனாலும் மொத்தமாகப் பார்த்தால், முயற்சியே செய்யாதவர்களைவிட முயன்று பார்த்தவர்களிடையே சிசேரியன் கணிசமாகக் குறைகிறது. வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு, எந்த நொடியிலும் நிறுத்தச் சொல்லலாம் என்று அவர் சொன்னதை ஒப்புதல் படிவத்திலும் எழுதியிருந்தார்கள். படிவத்தில் இருப்பதை வாயாலும் சொல்லும் மருத்துவர் வாய்ப்பது பெரிய விஷயம்.

அங்கே கொடுத்த கையேட்டைப் பற்றி நல்லதாகச் சொல்ல முடியவில்லை. முழங்காலும் மார்பும் தரையில் படக் குனிந்திருப்பது, இடுப்பை உயர்த்திப் படுப்பது என்று படம் போட்டுக் காட்டி, நாள்தோறும் செய்யுங்கள் என்று எழுதியிருக்கிறார்கள். இவற்றால் குழந்தை திரும்புகிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்பதே இதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களின் முடிவு. அந்த ஒரு வரியைக் கையேட்டில் சேர்த்திருக்கலாம். செய்வதால் பெரிய கெடுதல் இல்லை என்பது உண்மைதான். ஆனால் செய்தும் திரும்பாதபோது ஒழுங்காகச் செய்யவில்லையோ என்று தாயே தன்னைக் குற்றம் சொல்லிக்கொள்ள இந்தப் பக்கம் இடம் கொடுக்கிறது. கால் சுண்டுவிரல் நகத்தின் வெளி ஓரத்தில் மூலிகைத் திரியின் சூட்டைக் காட்டும் சீன முறையான மாக்ஸிபஸ்டனைப் பற்றியும் ஒரு பத்தி இருந்தது. 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஆய்வு ஒன்று அதற்குப் பலன் இருப்பதாகக் காட்டியது. அதன் பின்னர் வந்த ஆய்வுகளின் முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. எப்படியானாலும் அதைப் பொதுவாக 33, 34 வாரங்களில்தான் தொடங்குவார்கள். 36ஆவது வாரத்தில் வருபவர் கையில் அந்தப் பத்தியைக் கொடுப்பதால் என்ன பயன் என்று எனக்குப் புரியவில்லை. இதைக் கேட்டபோது மருத்துவர் சிரித்துவிட்டு, "அதை நான் எழுதலைம்மா" என்றார்.

எல்லோருக்கும் இதைச் செய்துவிட மாட்டார்கள். நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைத்துக் கிடந்தாலோ, அண்மையில் இரத்தப்போக்கு இருந்தாலோ, பனிக்குடம் உடைந்துவிட்டாலோ, குழந்தையின் துடிப்புப் பதிவில் ஐயம் இருந்தாலோ, வேறு காரணத்துக்காகச் சிசேரியன் ஏற்கெனவே உறுதியாகியிருந்தாலோ கை வைப்பதில்லை. வயிற்றில் இரட்டைக் குழந்தைகள் இருந்தாலும் அப்படியே. முன்பு ஒரு சிசேரியன் ஆனவர் என்பதற்காக மட்டும் யாரையும் திருப்பி அனுப்புவதில்லை என்றார்கள்; பல இடங்களில் அந்தத் தழும்பைக் காரணம் காட்டியே மறுத்துவிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்ததால் இதைக் கவனித்துக்கொண்டேன். ஆர்.எச். நெகட்டிவ் இரத்தவகை உள்ளவர்களுக்கு, திருப்பியபின் ஆன்டி-டி ஊசி போட வேண்டும். அழுத்தும்போது குழந்தையின் இரத்தம் சிறிதளவு தாயின் இரத்தத்தில் கலக்க வாய்ப்பு உண்டு என்பதே அதற்குக் காரணம்.

நாள் குறித்தபின் வந்த தொலைபேசி அழைப்பில், எதுவும் சாப்பிடாமல் வெறும் வயிற்றோடு வாருங்கள் என்றார்கள். போய்ச் சேர்ந்ததும் செவிலியர், காலையில் லேசாகச் சாப்பிட்டு வந்திருக்கலாமே, யார் பட்டினியாக வரச் சொன்னது என்றார். ஒரே பிரிவுக்குள் இப்படி இரண்டு பேச்சு இருக்கக் கூடாது. மாதம் நிறைந்த கர்ப்பிணியை வெறும் வயிற்றில் உட்கார வைத்துவிட்டு, பிரசவ அறையில் வேலை வந்துவிட்டது என்று முற்பகல் முழுக்கக் காக்க வைத்தார்கள். அவசரப் பிரசவத்துக்கு முன்னுரிமை கொடுப்பதில் எனக்கு வருத்தமே இல்லை. நேரமாகும் என்பதை யாராவது ஒருவர் வந்து சொல்லியிருந்தால் போதும், யாரும் வரவில்லை.

இனி திருப்பும் முயற்சியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் போகப்போகிறவர்கள் பயப்படுவது அதற்குத்தான். முதலில் வயிற்றில் பட்டை கட்டிக் குழந்தையின் துடிப்பை ஏறத்தாழ அரைமணி நேரம் தாளில் பதிவு செய்தார்கள். பிறகு கருப்பையைத் தளர்த்துவதற்காக டெர்பியூட்டலின் ஊசியைத் தோலுக்கடியில் போட்டார்கள். ஊசி இறங்கிய சற்று நேரத்தில் என் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, விரல்கள் நடுங்கின. இப்படி ஆகும், அரைமணி நேரத்தில் அடங்கிவிடும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பதற்றம் வரவில்லை. கட்டிலின் தலைப்பக்கத்தைச் சற்றுத் தாழ்த்தி, ஒரு பக்க இடுப்புக்கடியில் தலையணை கொடுத்துப் படுக்க வைத்தார்கள். வயிற்றில் ஜெல் தடவினார்கள். மருத்துவர் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டுதான் கையை வைத்தார். சில்லென்ற கை பட்டால் வயிறு தானாக இறுகிவிடும் என்றார்.

முதல் வேலை, இடுப்புக் குழியில் இறங்கியிருக்கும் பிட்டத்தை மேலே கிளப்புவது. அடிவயிற்றின் கீழ்முனையில் உள்ள பூப்பெலும்புக்குச் சற்று மேலே விரல்நுனிகளை ஆழமாக இறக்கி, இறுகக் கட்டிய மூட்டையை அடியிலிருந்து நெம்புவதுபோல் மெல்ல நெம்பினார். எனக்கு அதிகம் வலித்தது அந்த இடத்தில்தான். அது பிரசவ வலிபோல் விட்டுவிட்டு வருவதில்லை. யாரோ ஒருவர் முழு எடையையும் ஒரே இடத்தில் ஊன்றியதுபோன்ற அழுத்தம். பிட்டம் கிளம்பியதும் ஒரு கை அதைப் பக்கவாட்டில் தாங்கிக்கொள்ள, மறு கை விலாவுக்குக் கீழே தலையைப் பிடித்து எதிர்த்திசையில் கீழ்நோக்கித் தள்ளியது. குழந்தை முன்பக்கமாகக் குட்டிக்கரணம் போட வேண்டும் என்பதே நோக்கம். செவிலியர் என் தோளருகே நின்று, "வயித்தை இறுக்காதீங்க, வாயைத் திறந்து மூச்சை விடுங்க, பல்லைக் கடிக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பல்லைக் கடித்தால் வயிறும் சேர்ந்து இறுகிக்கொள்கிறது என்பதை அப்போதுதான் கண்டேன். தலை நகர்வது எனக்கே தெரிந்தது. கெட்டியான அந்த உருண்டை விலாவை விட்டு இறங்கித் தொப்புளின் பக்கவாட்டுக்கு வந்தது. அங்கே நின்றுவிட்டது. கையைத் தளர்த்தியதும் வழுக்கிக்கொண்டு பழைய இடத்துக்கே போய்விட்டது.

உடனே ஸ்கேன் கருவியை வைத்துத் துடிப்பைப் பார்த்தார்கள். சற்றுத் தாழ்ந்திருந்த துடிப்பு ஏறிச் சீரானபிறகே அடுத்த முயற்சியைத் தொடங்கினார்கள். இந்த முறை இன்னொரு மருத்துவரும் சேர்ந்துகொண்டார். ஒருவர் பிட்டத்தைத் தாங்க, மற்றவர் தலையைப் பின்பக்கமாகக் கரணமடிக்க வைக்கப் பார்த்தார். அதற்கும் குழந்தை இணங்கவில்லை. நீட்டிய கால்கள் முதுகோடு சேர்த்துக் கட்டிய தடிபோல உடலை விறைப்பாக வைத்திருப்பதால் இந்த வகைக் குழந்தை சுருண்டு திரும்புவது கடினம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். முன்சுவரில் இருந்த நஞ்சுக்கொடியால் தலையின் விளிம்பு கைக்குத் தெளிவாக அகப்படவில்லை. போதாக்குறைக்கு எனக்கு இது முதல் கர்ப்பம்.

நான் நட்சத்திரம் கொடுப்பது அதற்குப்பின் நடந்ததற்கு. இன்னும் ஒருமுறை பாருங்கள், நான் தாங்கிக்கொள்கிறேன் என்று நானே சொன்னேன். மருத்துவர் கையை எடுத்துவிட்டார். "நீங்க தாங்குவீங்கம்மா. ஆனா குழந்தை வேண்டாம்னு சொல்லுது, இதுக்கு மேல அழுத்துறது சரியில்லை" என்றார். வெற்றிக் கணக்கை ஏற்றிக்கொள்வதற்காக இன்னும் நான்கு நிமிடம் அழுத்திப் பார்க்கும் ஆசை அவரிடம் இல்லை. அதன்பிறகு மறுபடி துடிப்பைப் பதிவு செய்தார்கள், இரத்தப்போக்கு இருக்கிறதா என்று பார்த்தார்கள், வயிறு அடங்கும்வரை இருக்கச் சொன்னார்கள். தொட்டால் வலிக்கும் அளவுக்கு வயிற்றின் இரு பக்கமும் கன்றியிருந்தது, அது தானாகவே சரியாகிவிட்டது. முதுகுத்தண்டு வழியாக மரத்துப்போகும் ஊசி போட்டு மீண்டும் ஒருமுறை முயல விரும்பினால் வேறு நாளில் வரலாம் என்றும், அப்படிச் செய்தால் வாய்ப்பு கூடுகிறது என்றும் சொன்னார்கள். நான் வேண்டாம் என்றேன். காரணம் கேட்டுக் குடையவில்லை.

திரும்பாதவர்களுக்கு அடுத்தது என்ன என்ற பேச்சை அன்றே வைத்திருக்க வேண்டாம் என்றுதான் முதலில் தோன்றியது. களைத்துக் கிடக்கும்போது காதில் எதுவும் ஏறாது. மருத்துவரும் அதை உணர்ந்தவராக, இரண்டு வழிகளையும் தாளில் எழுதிக் கொடுத்து வேறொரு நாள் வரச் சொன்னார். திட்டமிட்ட சிசேரியன் ஒன்று; பிட்டம் முதலாகவே சுகப்பிரசவம் என்பது மற்றொன்று. இரண்டாவது வழியை இந்தக் காலத்தில் பெரும்பாலான இடங்களில் பேசுவதே இல்லை. 2000ஆம் ஆண்டில் லான்செட் என்ற மருத்துவ இதழில் கனடா மருத்துவர் மேரி ஹன்னாவின் குழு வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு உலகின் பல இடங்களில் சிசேரியனே வழக்கமாகிவிட்டது. 26 நாடுகளில் 121 மருத்துவமனைகளைச் சேர்ந்த 2,088 தாய்மார்களைக் கொண்டு நடந்த அந்த ஆய்வில், குழந்தை இறப்பதோ கடுமையாகப் பாதிக்கப்படுவதோ சிசேரியன் திட்டமிட்டவர்களிடம் 1.6 சதவீதமாகவும், சுகப்பிரசவம் திட்டமிட்டவர்களிடம் 5 சதவீதமாகவும் இருந்தது. ஆனால் அதே குழந்தைகளில் ஒரு பகுதியினரை இரண்டு வயதில் பரிசோதித்து 2004இல் வெளியிட்டபோது, இறப்பையும் வளர்ச்சிக் குறைபாட்டையும் சேர்த்துப் பார்த்தால் இரு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை, சிசேரியன் திட்டமிட்டவர்களிடம் 3.1 சதவீதம், சுகப்பிரசவம் திட்டமிட்டவர்களிடம் 2.8 சதவீதம் என்று அருகருகே நின்றன. பிரான்ஸ், பெல்ஜியம் நாடுகளில் தகுதியானவர்களைக் கவனமாகத் தேர்ந்தெடுத்துப் பிரசவம் பார்த்த இடங்களின் விவரங்கள் 2006இல் வந்தன. அங்கும் இரு வழிகளுக்கிடையே பெரிய வேறுபாடு தெரியவில்லை.

இவற்றை எல்லாம் என்னிடம் விளக்கியவர் எந்தப் பக்கமும் சாயவில்லை. பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி தரும் எண்களையும் சொன்னார். குழந்தையின் இறப்பு, 39 வாரத்துக்குப் பின் திட்டமிட்ட சிசேரியனில் 1,000க்கு 0.5, பிட்டம் முதலான திட்டமிட்ட சுகப்பிரசவத்தில் 1,000க்கு 2, தலை கீழாக இருக்கும் வழக்கமான சுகப்பிரசவத்தில் 1,000க்கு 1. நூற்றுக்கு இத்தனை என்று சொல்லாமல் ஆயிரத்துக்கு இத்தனை என்று சொன்னதால் ஆபத்தின் அளவு மனத்தில் சரியாகப் பதிந்தது. இன்னொரு தட்டில் தாய்க்கான செலவையும் வைத்தார். சிசேரியனுக்குப்பின் உடல் தேற நாளாகும். அடுத்த கர்ப்பங்களில் கருப்பைத் தழும்பு பிளந்துவிடுவதற்கோ நஞ்சுக்கொடி அந்தத் தழும்பில் ஆழமாக வேரோடிவிடுவதற்கோ சிறிய ஆனால் மெய்யான ஆபத்து உண்டு, அது ஒவ்வொரு சிசேரியனோடும் ஏறுகிறது. மேலும் பிள்ளைகள் வேண்டும் என்று நினைப்பவர் இதைத் தனியாக எடை போட வேண்டும்.

ஆனால் அந்த இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்திருந்தால் இந்த மருத்துவமனையில் நடத்திக் கொடுத்திருப்பார்களா என்பது ஐயமே. பிட்டம் முதலான பிரசவம் பார்த்துப் பழகியவர் எல்லா நேரமும் பணியில் இருப்பார் என்று உறுதி தர முடியாது, உறுதியாக வேண்டுமானால் வேறு இடத்துக்கு அனுப்புகிறோம் என்றார்கள். நேர்மையான பதில்தான். 2000க்குப் பிறகு பயின்றுவந்த மருத்துவர்கள் பலருக்கு இத்தகைய பிரசவத்தைப் பார்க்கும் வாய்ப்பே அரிதாகிவிட்டது என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் இந்த நிலைக்கென்றே தனிப்பிரிவு என்று பெயர்ப்பலகை வைத்திருப்பவர்கள் இந்தத் திறமையைக் கட்டாயம் வளர்த்துக்கொள்ள வேண்டும். சிசேரியனுக்கு நாள் குறித்திருந்தும் அதற்குமுன் வலி எடுத்து வேகமாகப் பிரசவமாகிவிடும் தாய்மார்கள் உண்டு. அவர்களுக்கு அந்த நேரத்தில் பணியிலிருப்பவரின் பழக்கம்தான் துணை.

நான் சிசேரியனைத் தேர்ந்தெடுத்தேன். 39ஆவது வாரத்தில் அறுவைக்குச் சற்று முன்னால் மறுபடியும் ஸ்கேன் வைத்துப் பார்த்தார்கள். கடைசி நேரத்தில் தானாகத் திரும்பிக்கொள்ளும் குழந்தைகளும் உண்டு என்பதால் இதை ஒருபோதும் விடுவதில்லையாம். என் குழந்தை அசையவில்லை. அறுவையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை, குறையில்லாமல் நடந்தது. பிறந்தபின் சில நாள்களுக்குக் கால்கள் இரண்டும் காதருகே மடங்கியே கிடந்தன. கீழே இறக்கி வைத்தால் மீண்டும் மேலே போயின. உள்ளே இருந்த பழக்கம், தானாக இறங்கிவிடும், இழுத்து நீட்ட வேண்டாம் என்று செவிலியர் சொன்னார். துணியில் கால்களை இறுக்கிச் சுற்றக் கூடாது என்பதையும் அவரே சேர்த்துச் சொன்னார்.

ஒரு நட்சத்திரத்தைக் குறைத்ததற்குக் காரணம் காத்திருப்போ கையேடோ இல்லை. இடுப்பு மூட்டுச் சோதனையைப் பற்றி இந்தப் பிரிவில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை என்பதே. பிட்டம் கீழாக இருந்த குழந்தைகளுக்குத் தொடை எலும்பின் தலை, இடுப்புக் கிண்ணத்தில் சரியாகப் பொருந்தாமல் போகும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிட அதிகம். பிறந்தவுடன் கையால் செய்யும் சோதனையில் இது தப்பிவிடக்கூடும் என்பதால், ஏறத்தாழ ஆறு வாரத்துக்குள் இடுப்புக்கு அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பார்க்க வேண்டும். சீக்கிரம் கண்டுகொண்டால் பட்டைகள் கொண்ட உறை ஒன்றை மாட்டியே பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். குழந்தை நடக்கத் தொடங்கியபின் தெரிந்தால் அறுவைவரை போக நேரிடும். எனக்கு இதைச் சொன்னவர் வீட்டுக்கு அனுப்பும் நாளில் வந்த குழந்தை மருத்துவர். சிசேரியன் ஆனவர்களை அவர் எப்படியும் பார்த்துவிடுவார். குழந்தை திரும்பிச் சுகப்பிரசவமாகி மறுநாளே வீட்டுக்குப் போகிறவர்களின் கதிதான் கவலைக்குரியது. 36 வாரத்துக்குப் பின் பிட்டம் கீழாக இருந்த குழந்தை, பிறக்கும்போது தலை முதலாக வந்திருந்தாலும் இந்தச் சோதனை தேவை. திருப்பிவிட்டதோடு வேலை முடிந்தது என்று அனுப்பிவைத்தால், அவர்கள் யாரிடம் கேட்பார்கள்? அந்தச் செய்தியை முதல் ஆலோசனையிலேயே கையேட்டின் மேல்பக்கத்தில் அச்சிட்டுக் கொடுக்கலாம், மாக்ஸிபஸ்டன் பத்தியை எடுத்துவிட்டால் அதற்கு இடமும் கிடைத்துவிடும்.

போக நினைப்பவர்கள் 36ஆவது வாரத்துக்குமுன்பே தொடர்புகொண்டு நாள் கேட்டுவைப்பது நல்லது. 38ஆவது வாரத்திலும் செய்கிறார்கள் என்றாலும் அதற்குள் பிட்டம் ஆழமாக இறங்கிவிட்டால் வாய்ப்பு குறைகிறது. இரத்தவகை அறிக்கையையும் பழைய ஸ்கேன் படங்களையும் கையோடு கொண்டுபோங்கள். சாப்பிட்டு வரலாமா கூடாதா என்பதைத் தொலைபேசியில் சொன்னவரிடம் விட்டுவிடாமல், ஆலோசனையின்போதே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அன்று உடன் ஒருவர் இருப்பது கட்டாயம் தேவை. ஊசியின் படபடப்பு அடங்கும்வரை தனியாக எழுந்து நடக்க முடியாது, அன்று நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு திரும்பவும் இயலாது.